கண்டதைத் தின்னும் நாய்க்குட்டி: யாரைத் திருத்துவது?

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிறியதாகத் தோன்றலாம். இரண்டு மூன்று மாதமே ஆன ஒரு நாய்க்குட்டி வாசலைத் தாண்டியதும் மூக்கைத் தரையில் வைக்கிறது. எலும்பு, எச்சில் இலை, குழம்பு ஒட்டிய பாலித்தீன் கவர், ஆட்டுப் புழுக்கை, கரித்துண்டு, மண் என்று அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிறது. வளர்ப்பவர் அதட்டுகிறார், ஓடிப்போய் வாயைப் பிளந்து பிடுங்குகிறார், சில நேரம் இரண்டு அடியும் வைக்கிறார். மறுநாள் குட்டி அதையே இன்னும் வேகமாகச் செய்கிறது. ‘இது திருந்தாத ஜென்மம்’ என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். குட்டிக்கு வாயில் போடும் ஆசை பிறவியிலேயே உண்டு. ஆனால் எதைத் தின்பது, எங்கே தேடுவது, எவ்வளவு வேகமாக விழுங்குவது என்பவற்றை அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை இன்று தெரு நடத்துகிறது. பிடுங்குகிற நம் கையும் அதற்குத் துணைபோகிறது. ஆகவே குட்டியைத் திருத்துவதற்கு முன்னால் அதன் வயிற்றையும் நம் கையையும் நம் தெருவையும் திருத்த வேண்டும்.

முதலில் குட்டியின் பக்கம் நின்று பார்ப்போம். குழந்தை கையால் தொட்டுப் பார்ப்பதை நாய்க்குட்டி வாயால் தொட்டுப் பார்க்கிறது. பிறந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி 28 பற்கள் வருகின்றன. நான்காவது மாதத்தையொட்டி அவை விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்து சேர்கின்றன. அந்த இடைக்காலத்தில் ஈறு தினவெடுக்கும். எதையாவது கடித்தால்தான் ஆறும். இதோடு நாய் இனத்தின் நெடிய வரலாறும் சேர்ந்துகொள்கிறது. 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதியின் மரபணுப் படிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதன் சமைத்ததையும் கழித்ததையும் தின்று வாழ்வதற்கு ஏற்றபடியே நாயின் உடல் மாறி வந்திருக்கிறது. கீழே கிடக்கும் சோற்றுப் பருக்கையை முகர்கிற குட்டி, பல்லாயிரம் ஆண்டுகளாக அதன் முன்னோரைக் காப்பாற்றிய வேலையைத்தான் செய்கிறது. அதைத் திருட்டு என்றோ பேராசை என்றோ சொல்வது பொருந்தாது.

ஆனால் ஆசை பிறவியில் வந்தாலும் தேர்வு பிறவியில் வருவதில்லை. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா தலைமையிலான குழு, தெருநாய்களின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. வளர்ந்த தெருநாய்கள் இறைச்சி மணம் வீசுவதைத் தேர்ந்து முதலில் தின்கின்றன; குட்டிகளிடம் அந்தத் தேர்வு இல்லை, கிடைத்ததை எல்லாம் ஒன்றுபோலத் தின்கின்றன என்று அக்குழு 2014இல் எழுதியது. இந்த வேறுபாட்டை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குப்பையில் எது நல்லது என்று தேடும் திறமையே கற்றுக்கொண்டு வருவது. அப்படியானால், கற்றுக்கொள்ளும் அந்தச் சில மாதங்களில் குட்டிக்கு யார் பாடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் வாழ்நாள் பழக்கம் அமையும். பிற்பாடு மாற்றவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் எளிதாக முடிவது பின்னால் கடினமாகும் என்கிறேன்.

இனி வயிற்றைப் பார்ப்போம். ‘எவ்வளவு போட்டாலும் இதற்குப் பசி அடங்குவதில்லை’ என்று சொல்லப்படும் குட்டிகளில் பலவற்றுக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறது. நாயின் உருண்டைப்புழு தாயின் தசைகளில் உறங்கிக் கிடந்து, சினைக்காலத்தில் விழித்து, கருவிலிருக்கும் குட்டிக்குள்ளேயே போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். எனவே சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் பூச்சி இருக்கலாம். வயிறு மட்டும் பானைபோல உப்பி, விலா எலும்பு தெரிந்து, முடி மங்கி இருந்தால் அது கொழுத்த குட்டியின் அடையாளம் அல்ல, பூச்சியின் அடையாளம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் எடைக்கேற்பப் பூச்சி மருந்து கொடுப்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கமான முறை. இந்தப் புழுவின் முட்டை மண்ணில் கலந்து குழந்தைகளின் வாய்க்குப் போனால் அவர்களையும் தாக்கும் என்பதால் இந்த மருந்து நாயை மட்டும் காப்பது அல்ல. அடுத்தது உணவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை கொடுக்க வேண்டும். பல வீடுகளில் காலையில் பால் சோறு, இரவில் மிச்சம் என்று இரண்டு வேளையோடு நிறுத்திவிடுகிறார்கள். பால் சோற்றில் வளரும் உடம்புக்கு வேண்டிய புரதம் போதாது. பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும். குழம்புச் சோற்றில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழி ஈரல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சோற்றோடு பிசைந்து கொடுத்தால் பசியும் அடங்கும், மண் தின்னும் ஆசையும் பல குட்டிகளிடம் குறையும்.

வயிறு நிறைந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது என்பதே நேர்மையான பதில். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குத் தெரிவிக்கும் மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அந்த நாய்கள் உண்ட பிறகும் உணவையே தேடுகின்றன. அவற்றை அடித்து என்ன பயன்? நாட்டுக் குட்டியோ லாப்ரடாரோ, வயிற்றுக் கோளாறை விலக்கிய பிறகும் மிஞ்சும் பழக்கத்தைப் பயிற்சியால்தான் மாற்ற வேண்டும்.

பயிற்சிக்குப் போகுமுன் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தரையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆபத்து ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆடி மாதம் பிறந்தால் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் மொய் விருந்துகள் தொடங்கிவிடும். பந்தி முடிந்ததும் கறி எலும்போடு இலைகள் கொல்லையிலும் சாலையோரத்திலும் குவியும். வெந்த எலும்பு பச்சை எலும்பைப்போல் வளையாமல் கூராகச் சிம்பு சிம்பாக உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுத்து உடைக்கும் இடங்களில் கிடக்கும் தோட்டில் தோலையும் வாயையும் புண்ணாக்கும் காரமான எண்ணெய் இருக்கிறது. வயலோரத்தில் குருணை மருந்தும், வீட்டுப் பரணில் எலி மருந்தும், தோட்டத்தில் உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கும் உண்டு. புண்ணாக்கு மணம் நாயை இழுக்கும். சரியாகப் பக்குவப்படுத்தாத ஆமணக்குப் புண்ணாக்கு உயிரை எடுக்கும். அழகுக்காக நட்ட அரளியின் இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் தூண்டில் முள்ளும், வலையிலிருந்து கழித்து எறிந்த பேத்தை மீனும் கிடக்கும். பேத்தையின் நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. எங்கும் பொதுவாக இருப்பது சாம்பாரும் சட்னியும் கட்டித் தரும் பாலித்தீன் கவர். உள்ளே உணவு மணக்கும், குட்டி கவரோடு விழுங்கும், குடல் அடைக்கும். இவை போதாதென்று, 1978இல் உலகெங்கும் அறியப்பட்ட, குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலம் கலந்த மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கும் தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை, குட்டியைப் பிற நாய்கள் திரியும் இடத்தில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டு போவதே நல்லது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘நம் ஊர் நாய்கள் தெருவில் தின்றுதானே வளர்ந்தன? அவற்றுக்கு என்ன ஆயிற்று?’ என்பார்கள். இதில் ஒரு தோற்றப் பிழை இருக்கிறது. நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. செத்துப்போனவை கணக்கில் வருவதில்லை. முன்னர் சொன்ன கொல்கத்தா குழுவே அந்தக் கணக்கையும் எடுத்தது. மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, இனப்பெருக்க வயதை எட்டியவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறந்தவற்றில் நூற்றுக்கு 63 மனிதரின் செயலால் இறந்தன. ஐந்தில் நான்கு குட்டிகள் சாகிற ஒரு வாழ்க்கையை ‘இயற்கையாக வளர்ந்தன’ என்று சொல்லி, நம் வீட்டுக் குட்டிக்கு முன்மாதிரியாகக் காட்ட முடியாது.

அடுத்து நம் கை. குட்டியின் வாயில் எதையோ கண்டதும் ‘ஏய், துப்பு’ என்று கத்திக்கொண்டு துரத்துகிறோம். குட்டி இதிலிருந்து மூன்றைக் கற்றுக்கொள்கிறது. மனிதன் பாய்ந்து வந்தால் வாயில் இருப்பது விலையுயர்ந்தது என்பது ஒன்று. உடனே விழுங்காவிட்டால் போய்விடும் என்பது இரண்டு. அருகில் வரும் கையை நம்பக்கூடாது என்பது மூன்று. இரண்டாவது பாடம் எலும்பைவிட ஆபத்தானது. மென்று துப்பியிருக்கக்கூடிய கவரை முழுதாக விழுங்கச் செய்வது அதுதான். மூன்றாவது பாடம் கடியில் போய் முடியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், நாயின் வாயிலிருந்து பொருளை வலுவில் பிடுங்கியதாகச் சொன்னவர்களில் நூற்றுக்கு 39 பேர், நாய் அப்போது சீறவோ கடிக்கவோ முனைந்ததாகச் சொன்னார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் இது 43. அவை நடத்தைக் கோளாறுக்காக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நாய்கள் என்பதால் இந்த எண்ணை எல்லா நாய்க்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் திசை தெளிவாகவே இருக்கிறது. வெறிநோய் இன்னும் உயிர் குடிக்கும் நாட்டில், கடிக்கக் கற்றுக்கொடுக்கும் எந்த முறையையும் வீட்டுக்குள் அனுமதிக்கக்கூடாது.

அடி ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட நெடுநாள் நீடிக்கும் என்பது ஸ்கின்னர் முதலான உளவியலாளர்கள் ஆய்வகத்தில் உறுதிசெய்த உண்மை. பத்து முறை மோப்பம் பிடித்து ஒரு முறை கோழி எலும்பு கிடைத்துவிட்டால், அடுத்த நூறு முறையும் குட்டி தேடும். நாம் அடித்தது பத்தில் மூன்று முறை. தெரு கொடுத்த எலும்பு ஒன்று. வெல்வது எலும்புதான். எனவே தெருவின் பரிசுகளை நிறுத்துவதும், தெருவைவிட நல்ல பரிசை நாம் கொடுப்பதும்தான் வழி.

அந்த வழியைச் சொல்கிறேன். குட்டி வாயில் வைத்திருப்பதை விடும்போதெல்லாம் அதைவிட நல்லது கிடைக்கும் என்று முதலில் வீட்டுக்குள் கற்பிக்க வேண்டும். ஒரு பழைய துணிப் பந்தை வாயில் கொடுங்கள். மூக்கருகே வேகவைத்த ஈரல் துணுக்கு ஒன்றை நீட்டுங்கள். பந்தை விட்டதும் ‘விடு’ என்று ஒரே சொல்லாகச் சொல்லி, துணுக்கைக் கொடுத்து, பந்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பது முக்கியம். விட்டால் இழப்பு இல்லை என்று அப்போதுதான் புரியும். சில நாளில் சொல்லைக் கேட்டதுமே வாய் திறக்கும். இதே முறையில், தரையில் கிடப்பதைத் தொடாமல் நம் முகத்தைப் பார்த்தால் துணுக்கு கிடைக்கும் என்பதையும் பழக்க வேண்டும். முதலில் வீடு, பிறகு வாசல், பிறகு ஆளில்லாத சந்து, கடைசியில்தான் கடைத்தெரு. பசியோடு அழைத்துப் போகாமல் சிறிது உணவு கொடுத்த பிறகு அழைத்துப் போக வேண்டும். கயிறு குட்டையாக, ஆனால் இழுபடாமல் தளர்வாக இருக்க வேண்டும். முன்னே பத்தடி தூரத்தைப் பார்த்து நடப்பது வளர்ப்பவரின் வேலை; கைப்பேசியைப் பார்த்து நடப்பவரின் குட்டிக்குத் தெருவே ஆசிரியர். பல் முளைக்கும் காலத்தில் கடிக்க நல்ல ரப்பர்ப் பொம்மையோ ஈரத்துணி முடிச்சோ கண்முன் கொடுத்தால் செருப்பும் கல்லும் தப்பும்.

‘இது லஞ்சம் கொடுத்துக் கெடுப்பது’ என்று ஒரு மறுப்பு வரும். காரியம் நடப்பதற்கு முன்னால் காட்டி மயக்குவது லஞ்சம். செய்து முடித்த வேலைக்குக் கொடுப்பது கூலி. தொடக்கத்தில் துணுக்கைக் காட்டுவது உண்மைதான். சொல் புரிந்ததும் துணுக்கை மறைத்துவிட்டு, விட்ட பிறகுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பழக்கம் நிலைத்ததும் சில முறை துணுக்கு, சில முறை தட்டிக்கொடுப்பு என்று மாற்றலாம். எப்போதாவது வரும் பலன் பழக்கத்தை நீட்டிக்கும் என்று பார்த்தோமே, தெருவுக்கு உதவிய அதே விதி இப்போது நமக்கு உதவும். ‘இதற்கெல்லாம் நேரமும் காசும் ஏது?’ என்பது அடுத்த மறுப்பு. ஒரு முட்டையைச் சிறு துணுக்குகளாக நறுக்கினால் ஒரு நாள் பயிற்சிக்குப் போதும். ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை செய்தால் போதும். குடலடைப்புக்கு அறுவை செய்ய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிவரை தூக்கிக்கொண்டு ஓடும் செலவோடும் வேதனையோடும் இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எது மலிவு என்பது விளங்கும்.

பயிற்சி முடியும்வரை, ஆபத்து நிறைந்த இடங்களுக்கு வாய்க்கூடை போடலாம். ‘அது கொடுமை அல்லவா?’ என்று மனம் இரங்குபவர்கள் கேட்பார்கள். மண் தின்னும் கன்றுக்குட்டிக்கு நம் விவசாயிகள் வாய்க்கூடை கட்டுவது வதைப்பதற்காக அல்ல, காப்பதற்காக. நாய்க்கும் அப்படித்தான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நாய் வியர்வையால் உடம்பைக் குளிரவைப்பதில்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே குளிரவைக்கிறது. நம் வெயிலில் துணியாலோ வாராலோ வாயை இறுக்கிக் கட்டுவது உயிருக்கே ஆபத்து. மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை வடிவம்தான் வேண்டும். அதற்குள் துணுக்கு வைத்துக் குட்டி தானாக மூக்கை நுழைக்கும்படி பழக்கிய பிறகே வெளியே போட வேண்டும். கூடை ஒரு தற்காலிகக் காவல். அதைப் போட்டுவிட்டுப் பயிற்சியைக் கைவிட்டால் பழக்கம் அப்படியேதான் இருக்கும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஏதாவது உள்ளே போய்விடலாம். திரும்பத் திரும்ப வாந்தி, மலம் கழியாமை, வயிற்றைத் தொட்டால் அலறல், நுரை, நடுக்கம், வலிப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம்மிடையே பரவியிருக்கும் தவறான வைத்தியம். உப்பு மிகுந்தாலே நாய் இறக்கும். அமிலம் போன்றவற்றை விழுங்கியிருந்தால் வாந்தி வரும் வழியெல்லாம் மறுபடியும் வெந்துவிடும்; மண்ணெண்ணெய் என்றால் வாந்தியின்போது நுரையீரலுக்குள் போய்விடலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கக்கூடாது. மறுமுனை குடலை அறுக்கும். மருந்தின் டப்பாவோ உறையோ கிடைத்தால் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு உடனே போக வேண்டும். என்ன தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்ற இரண்டு தகவலும் மருத்துவருக்குப் பெரும் உதவி.

கடைசியாகத் தெரு. வீட்டுக்குள் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் வாசலில் எலும்புக் குவியல் இருந்தால் தோற்பது நாம்தான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. தெருநாய்க்கு உணவிடுவதற்குத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னது. விதிகள் இருக்கின்றன, நம் பங்குதான் பாக்கி. மாநகராட்சியாகிவிட்ட புதுக்கோட்டைக்கும் சிற்றூர்களுக்கும் இந்தப் பங்கு ஒன்றுதான். மொய் விருந்து நடத்துபவர் பந்தல் போடும்போதே எச்சில் இலைக்கு ஒரு குழியும் வெட்டி, அன்றே மண் தள்ளி மூடிவிட்டால் ஊர்க் குட்டிகள் பல பிழைக்கும். எலி மருந்தை நாய் எட்டாத இடத்தில் வைப்பதும், மருந்து தின்று செத்த எலியைத் தெருவில் எறியாமல் ஆழப் புதைப்பதும் அவ்வாறே.

‘மனிதர் படும் பாட்டுக்கு நடுவில் நாய்க்குட்டிக்கு இத்தனை பேச்சா?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குட்டி தின்னும் அதே கவரை நம் மாடும் தின்கிறது. குட்டிக்கு வரும் அதே புழு நம் குழந்தைக்கும் வருகிறது. பிடுங்கிப் பிடுங்கிச் சீறப் பழகிய குட்டி நாளை பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. கடிக்குப் பயந்து நாயைத் தெருவில் விட்டால் அங்கே இன்னொரு ஈற்று பிறக்கிறது. இந்தத் தொடரை எங்கே அறுக்கலாம் என்று பார்த்தால், மூன்று மாதக் குட்டியின் வாயருகே நீளும் நம் கைதான் மிக எளிய இடம். ஆகவே வளர்ப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று. இந்த வாரமே குட்டியைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கேளுங்கள். இன்றிலிருந்து பிடுங்குவதை நிறுத்திவிட்டு மாற்றிக் கொடுக்கத் தொடங்குங்கள். உங்கள் வீட்டு எலும்பும் கவரும் தெருவுக்குப் போகாது என்று முடிவெடுங்கள். இம்மூன்றையும் செய்த வீட்டில் ‘திருந்தாத ஜென்மம்’ என்று எந்தக் குட்டிக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்காது.